பிடித்திருந்தால் சாப்பிட மாட்டார்

பல்லடம் முதல் உடுமலைப்பேட்டை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் கண்டிஷனைப் போல இன்னொரு ஆள் அகப்பட மாட்டார். அகப்பட்டால் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருவரோடு பட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

எழுபதுகளில் திருப்பூருக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில் எனக்கு உத்தியோகம். முதலாளி எங்கிருந்தோ ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அது குடியிருக்கக் கல்யாண மண்டபம் போல ஓர் அறை, அதற்கு ஏசி வேறு. உடம்பில் பஞ்சு ஒட்டியிருந்தால் உள்ளே விட மாட்டார்கள். முதலாளியையே வாசலில் நிறுத்தி வேட்டியை உதறச் சொன்னவர், அந்த அறையைக் கட்டியாண்ட கண்டிஷன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டப்பெயரைக் கொடுத்ததும் அதே மெஷின்தான். துளை போட்ட கார்டுகளைப் படிப்பது ஒரு ஸ்டெப், கணக்குப் போடுவது அடுத்தது, அச்சடிப்பது அதற்கடுத்தது என்று அது வேலை செய்யும். மில்லின் எல்லா ஆபீசுக்கும் பொதுவாக இந்த வரிசையை எழுதி வைத்தவர் அவர். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு கண்டிஷன் உண்டு. வில்லங்கமே அதில்தான். நாமெல்லாம் 'இப்படி இருந்தால் செய்' என்போம். அந்த மெஷினுக்கோ 'இப்படி இருந்தால் செய்யாதே, தாண்டிப் போ' என்றுதான் எழுத வேண்டும். பொது வரிசையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் அதைத் தங்கள் ஆபீஸ் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்த வேலைக்கு மட்டும் வேறு கண்டிஷனை மேலே எழுதிக்கொள்ளலாம்.

கணக்கு ஆபீசர் ஒருமுறை அப்படித்தான் எழுதினார், மனுஷ புத்தியோடு. அச்சடிக்கிற ஸ்டெப்புக்கு 'கணக்கு சரியாக வந்தால்' என்று போட்டுவிட்டார். கணக்கும் சரியாகவே வந்தது. மெஷின் அச்சடிப்பதைத் தாண்டிவிட்டுச் சமர்த்தாக நின்றுகொண்டது. வெளியே சம்பளச் சீட்டுக்காக ஷிப்டு மொத்தமும் காத்திருந்தது.

"ஏனுங்க, உங்க மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?" என்று ஆபீசர் கத்தினார்.

"அது சொன்ன பேச்சைக் கேட்டுச்சுங்க. சொன்னவங்களுக்குத்தானுங்க வைத்தியம் பாக்கோணும்" என்றார் கண்டிஷன்.

பழகப் பழக அவர் பேச்சும் அப்படியே திரும்பிவிட்டது. சூடாக ஒரு டீ கொடுங்கள் என்று அவர் வாயில் வராது. "ஆறியிருந்தாக் கொண்டாராதீங்க" என்பார். ஒருமுறை லீவு லெட்டரில், 'காய்ச்சல் விட்டுவிட்டால் இந்த லீவைத் தாண்டிவிடவும்' என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "அப்ப இந்த ஆள் வர்றாருங்களா, வரலீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த வரன்கள் எல்லாம் வந்த வழியே போயின. அவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, சரஸ்வதியின் குரலைக் கேட்கும்வரை.

சரஸ்வதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். மெஷின் படுத்துவிட்டால் மெட்ராஸ் இஞ்சினியருக்கு டிரங்க் கால் போட வேண்டும். லைன் லேசில் கிடைக்காது. கிடைக்கிறவரை கண்டிஷன் அந்தப் பெண்ணுக்குத் தன் ஸ்டெப்புகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, மறுபடியும் படுத்துருச்சுங்களா?" என்று அங்கிருந்து கேட்கும்.

"ஆமாங்க!" என்பார், முகமெல்லாம் பல்லாக. மெஷின் கெட்டதற்குச் சந்தோஷப்பட்ட ஊழியர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

"இந்தப் போன் ஒரு தினுசான ஸ்டெப்புங்க. முன்னாடி ஏதாச்சும் கவுந்தா மட்டுந்தான் ஓடும்" என்று ஒருநாள் என்னிடம் பெருமூச்சு விட்டார். இதற்கு மேலும் புரியாமல் இருக்க நான் என்ன மெஷினா? விசாரித்து, உடுமலைப்பேட்டையில் இருந்த அவள் வீட்டில் பேசி, பெண் பார்க்க ஏற்பாடு செய்தேன். அடுத்த வாரம் வேறொரு இடத்திலிருந்து வருகிறார்கள், அதனால் அன்றைக்கே முடிவு தெரிய வேண்டும் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிடித்துப்போனால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். சரஸ்வதி வந்து கும்பிட்டு, "வாங்க" என்று அதே குரலில் சொன்னாள். கண்டிஷன் மெழுகாக உருகிவிட்டார். கேசரியும் பஜ்ஜியும் தட்டில் வந்தன. மனிதர் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பாவி மனுஷன், பிடித்திருந்தால் தாண்டிவிட வேண்டும் என்று இங்கேயும் ஆரம்பித்துவிட்டானே! தொடையில் கிள்ளினேன். அவருக்கு உறைக்கவே இல்லை.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "சரிங்க தம்பி. போயிட்டு வாங்க" என்று எழுந்தார்.

"ஏனுங்க, தேதி பேசலீங்களா?" என்றார் கண்டிஷன்.

"கை நனைக்காத ஊட்டுல என்ன தேதீங்க தம்பி?"

உள்ளே போயிருந்த சரஸ்வதி விறுவிறுவென்று திரும்பி வந்தாள். "அப்பா, அவரு வேண்டாம்னு சொல்லலீங்க. மெஷின்கூட இருந்து இருந்து அப்படி ஆயிட்டாரு. புடிச்சிருந்தா அந்த ஸ்டெப்பைத் தாண்டிருவாரு" என்றாள். பிறகு தட்டை அவர் முன்னால் தள்ளினாள். "வரிசை பொதுவா இருந்தாலும் கூப்புடறவங்க அவங்க கண்டிஷனை மேல எழுதிக்கலாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க? எங்கூட்டுக்கு நான் எழுதறனுங்க. புடிச்சிருந்தாச் சாப்புடோணும்."

கண்டிஷன் அவளை நிமிர்ந்து பார்த்தார். தன் தட்டைக் காலி செய்தார். அப்புறம் என் தட்டையும் காலி செய்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் மத்தியானம் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போகும். "மெஷின்தான் நல்லா ஓடுதே, அப்புறம் எதுக்குங்க போன்?" என்று கேட்டேன்.

"இப்ப கண்டிஷன் மாறிருச்சுங்க. எது கவுந்தாலும், கவுறாட்டியும் இது ஓடும்" என்றார்.

அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. கண்டிஷனும் சரஸ்வதியும் அவ்வப்போது என் வீட்டுக்கு வந்து, டீ ஆறிவிட்டது என்று சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த மனுஷனை உயிராகப் பிடிக்கும். இதை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. பிடித்திருந்தால் அந்த ஸ்டெப்பைத் தாண்டிவிட வேண்டும் அல்லவா, அவருக்குப் புரிந்திருக்கும்.