ஒட்டிய இறக்கையும் ஒட்டாத தைரியமும்

அன்புள்ள தம்பி தோகுஜிக்கு,

சுவா ஏரியில் பனிக்கட்டி உருகி, வாத்துகள் வந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய உன் உடம்பும் தேறிவருகிறது என்று நம்புகிறோம். நான் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால், சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசையாகத் தருகிறேன்.

1. நீ செய்து அனுப்பிய, ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் மாதிரி விமானத்தின் இரண்டு அரை இறக்கைகளையும் ஒட்டிவிட்டேன்.
2. அவை இனி எக்காலத்திலும் பிரியா.
3. ஆகவே விமானம் பறக்காது; ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்.

"என் கை நடுங்குகிறது, ஒட்டுவதை மட்டும் செய்துகொடுங்கள், ஏரிக்கரையில் நானே பறக்கவிடுவேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நினைத்துக்கொண்டேதான் எல்லாத் தவறுகளையும் செய்தேன். ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்து மேலே அகராதியை ஏற்றினேன். மறு பாதியின் நுனி சற்று உயர்ந்திருக்க வேண்டுமல்லவா? தேயிலை டப்பாவை முட்டுக்கொடுத்தேன். அது சரியான உயரம்தானா என்று சந்தேகம் வந்ததும் டப்பாவை எடுத்துவிட்டுக் கையால் பிடித்துக்கொண்டேன். பசையோ மெதுவாகக் காயும் வகை. அதுதான் உறுதியானது என்று நானே தேடி வாங்கியது.

மதிய வெயில் இறக்கைத் தாளுக்குள் புகுந்து, உள்ளேயிருந்த மெல்லிய சட்டங்கள் மீன்முள் போலத் தெரிந்தன. சிறிது நேரத்தில் கண் சொக்கி, கீழே இருந்த பாய் ஏரியாகிவிட்டது. எனக்கு முன்னால் நீ பறந்துகொண்டிருந்தாய். உன் கை நடுங்கவில்லை. திரும்பி ஏதோ கேட்டாய், காற்றில் காதில் விழவில்லை. "என்ன கேட்ட?" என்றேன்.

"வீடு வீடாப் போற தெருச் சுற்றறிக்கைப் பலகை, அதக் குடுக்க வந்தேன்" என்றார், வாசலில் நின்ற பக்கத்து வீட்டு இவாசே. "என்ன வாத்தியாரே, இறக்கைக்கு நாடி பாக்குறீங்களா?"

"காலையிலேருந்து பாக்குறாரு. இன்னும் உயிர் இருக்காம்" என்றாள் உன் அண்ணி மிசாவோ, என் வாயில் சோற்றுருண்டையைத் திணித்தபடி.

பசை காய்ந்தது. ஆனால் நீ வீசியதும் நடுவில் முறிந்தால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இணைப்பின் குறுக்கே மரச்சில்லு பதித்தேன். மேலே மெல்லிய தாள் சுற்றினேன். அது போதாதென்று தோன்றியது. நம் வீட்டுக் கதவுச் சட்டங்களில் ஒட்டும் கெட்டித் தாளையும் சுற்றிப் பசை பூசினேன். பிறகு கீழ்ப்பக்கம் பாவமாகத் தெரிந்ததால் அங்கேயும். மிசாவோ தூக்கிக் கனம் பார்த்தாள்.

"ஏங்க, தம்பி இதப் பறக்கவிடத்தான கேட்டாரு? ஏறி நின்னு பல்பு மாத்தவா?"

வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைகளுக்கு வலு கூடட்டும்.

உன் அண்ணன்,
தாதாயாசு

பின்குறிப்பு: தபால்தலை தேட உள்ளே போயிருந்தேன். அதற்குள் மிசாவோ இறக்கையை உடலில் பொருத்தி, ரப்பரை முறுக்கி, கொல்லையிலிருந்து விட்டுவிட்டாள். ஓடி வந்தேன். முள்ளங்கிப் பாத்திக்கு மேல் தாழ்ந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இவாசே வீட்டுக் கூரைக்கு மேல், அவசரமே இல்லாமல், வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க பக்கத்துல இல்லாததாலதான் அதுக்குத் தைரியம் வந்துச்சு" என்றாள்.

மூன்றாவதாக எழுதியது தவறு. ஞாயிற்றுக்கிழமை வா.