கூட்டல் குறிக்கு இருபுறமும் இடைவெளி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் மனைவியும் நலமென நம்புகிறேன். அத்தை நலமாக இல்லை, காரணம் நீ.

நான்கு நாளாக அத்தை ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கவில்லை. முழங்கால் அறுவைக்குப் பிறகு அவளால் படியிறங்க முடியாது. லிஃப்டோ பூட்டிக் கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தையல் பிரிக்க வேண்டும். அந்த லிஃப்டின் கதவுக்குப் புரோகிராம் எழுதியவன் நீ. வேறு வேலை கிடைத்ததும் அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனவனும் நீ.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கதவு திறந்திருக்கும் நேரத்தை, வழக்கமான இரண்டு வினாடியோடு முதியவர்களுக்காக இன்னும் ஆறு என்று, 2+6 என மூச்சுமுட்ட எழுதியிருந்தாய். கண்ணுக்கு இதமாக இருக்கட்டுமே என்று கூட்டல் குறிகளுக்கெல்லாம் இருபுறமும் இடைவெளி விட்டேன். உன் மனைவியும் படிப்பாள் என்பதால் சொல்கிறேன்: நாம் எழுதும் ஆணைகளை லிஃப்டின் கணினிச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அசெம்ப்ளர். உன் கிழட்டு அசெம்ப்ளர், எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளியைக் கண்டால், மிச்சமெல்லாம் மனிதர் படிக்கும் குறிப்பு, தனக்கில்லை என்று தள்ளிவிடுமாம். 2 மட்டும் எடுத்துக்கொண்டு, + 6 என்பதைத் தள்ளிவிட்டு, ‘பிழை ஏதுமில்லை’ என்று வேறு சொன்னது. ஏறப்போன அத்தையின் கைத்தடியைக் கதவு கவ்விக்கொண்டது. “ஏண்டி, உன் லிஃப்டுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்றாள் என்னைப் பார்த்து. மெக்கானிக் வந்து பூட்டினார். “மேடம், நீங்க சரி பண்ணுங்க, அப்புறம் நான் திறக்கறேன். கைத்தடியோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க.”

அழகாக விட்ட இடைவெளிகளை எடுக்க எனக்கு மனமில்லை. சரி, புது அசெம்ப்ளருக்கு மாறுவோம் என்று பார்த்தால், அதற்கு இடைவெளி பொருட்டில்லை, உன் அரைப்புள்ளிதான் தகராறு. நீ குறிப்புக்கு முன்னால் அரைப்புள்ளி போடுவாய்; அதற்கோ அரைப்புள்ளிக்குப் பின் வருவது அடுத்த ஆணை. நீ எங்கோ ‘அப்பாடா, முடிந்தது’ என்று எழுதிவைத்திருக்கிறாய். ‘அப்பாடா’ என்றோர் ஆணை தனக்குத் தெரியாது என்றது. இப்படி நானூற்றுப் பன்னிரண்டு பிழை! நாலைப் படித்துவிட்டுத் திரையை அணைத்தேன். ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா? இந்த மின்னஞ்சலைக் கண்டதும் கிளம்பி, இன்று மாலைக்குள் நீயே வந்து சேர்.

நீங்கள் இருவரும் நல்ல உடம்போடும், நீ மட்டும் கொஞ்சம் பொறுப்போடும் வாழ வாழ்த்தும்,
அக்கா

பி.கு.: வர வேண்டாம். ஐந்தாவது பிழையைப் படித்தேன்: ‘அக்கா’ என்றோர் ஆணை தெரியாது. அந்த வரிக்குப் போய்ப் பார்த்தால், “அக்கா, தயவுசெய்து கூட்டல் குறிக்குப் பக்கத்தில் இடைவெளி விடாதே” என்றிருக்கிறது. இடைவெளிகளை எடுத்துவிட்டு, உன் கிழட்டு அசெம்ப்ளருக்கே திரும்பிவிட்டேன். கதவு எட்டு வினாடி நிற்கிறது, மெக்கானிக் பூட்டைத் திறந்துவிட்டார். தப்பு உன்னுடையது என்று அத்தையிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஃபோன் செய்வாள், மறுத்துப் பேசாதே.