வெளியேறு அண்ணனும் டோக்கன் பதினேழும்

கம்ப்யூட்டருக்கு மரியாதை சொல்லிக்கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான் உண்டு. அவர் ராஜபாளையத்தில், ஒரு உரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், யூரியா வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் வெளியேறு அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள ஸ்லிப்பைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

பட்டப்பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் சென்னையில். ராஜபாளையம் கிளையில் நாங்கள் ஆறு பேர். பஞ்சாலைகளுக்கும் கடைகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் திரையில் ஒரு பட்டனைப் பார்த்தார். 'வெளியேறு' என்று போட்டிருந்தது. அப்படியே நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன இது? காலையில இருந்து வேலை பாத்த மனுசர, சாயங்காலம் 'வெளியேறு'ன்னு சொல்லுது? கழுத்தப் பிடிச்சுத் தள்ளுற மாதிரில்ல இருக்கு."

"அது லாக் அவுட்டுண்ணே" என்றேன்.

"இருக்கட்டும்மா. உள்ள வரும்போதும் 'உள்நுழை'ங்குது. உங்க வீட்டுக்கு யாராச்சும் வந்தா உள்நுழைன்னா சொல்லுவீக? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரக கூடக் கடைசியில மரியாதைக்கு ஒரு 'அண்டி' போடாமப் பேச மாட்டாக. இந்த மெஷினுக்கு என்ன அம்புட்டுத் திமிரு?"

ஒரு வாரம் சென்னைக்கு மெயில் மேல் மெயில் போட்டார். மேனேஜர் போனில் கத்தியது எங்கள் ஆறு பேருக்கும் கேட்டது. "இது சாஃப்ட்வேரா, கல்யாண வீடா?" அண்ணன் அசரவில்லை. கடைசியில் மேனேஜர்தான் களைத்துப்போனார். அன்றிலிருந்து எங்கள் சாஃப்ட்வேரில் உள்ளே வந்தால் 'வாங்க'. வெளியே போக வேண்டுமென்றால் 'போயிட்டு வாரேன்'. பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால், 'இது அது இல்லையே, இன்னொருக்க போட்டுப் பாருங்க'. எதையாவது அழிக்கப் போனால், 'அழிச்சுரலாங்களா? பொறவு வராது'.

நாங்கள் சிரித்தோம். ஆனால் ஒருநாள் பஞ்சாலைக் கிளார்க் ஒருத்தர் போன் செய்தார். "சார், இந்த மில்லுல இருபது வருசமா வேலை பாக்கேன். என்னைய வாங்கன்னு கூப்பிட்டது உங்க கம்ப்யூட்டர் மட்டும்தான்" என்றார். போனை வைத்த பிறகு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

'ஏலே' என்ற சொல் இல்லாமல் எங்கள் ஊரில் பஸ்ஸில் சீட் பிடிப்பதே கஷ்டம். அண்ணன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. டீ கொண்டு வருகிறவரும் நீங்கதான், சென்னை மேனேஜரும் நீங்கதான். சர்வர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போக மாட்டார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்த பிறகும் பதில் சொல்லாதவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சிவந்துவிடும். "வாசல்ல வந்து நிக்கிறவகள ஜன்னல் வழியாப் பாத்துட்டுக் கதவச் சாத்துறதுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்பார்.

மத்தியான இடைவேளையில் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார். முன்பின் தெரியாத நாலு பேர் சேர்ந்து ஒரு டீம். மற்றவர்கள் காதில் கேட்க முடியாத கெட்ட வார்த்தைகளைப் பொழிவார்கள். நடுவில் அண்ணன் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

"தம்பி, அந்த மஞ்ச வீட்டு மாடியில ஒருத்தர் நிக்காரு. அவிய உங்களத்தான் குறி வைக்காக. பாத்துப் போங்க."

எதிரியைச் சுட்டு வீழ்த்தினால், "மன்னிச்சுக்கோங்க, ஆட்டத்துக்காகத்தான்" என்பார். அவரை வெளியே தூக்கிப் போடாத டீம் கிடையாது. அதற்கும் வருத்தப்பட்டதில்லை. அவர் வருத்தமெல்லாம் வேறு. "தோத்துட்டா தோத்துட்டீகன்னு சொல்லணும்மா. இப்ப உள்ள கேமெல்லாம் தோத்தவகளுக்கும் பரிசு குடுத்துக் கெடுத்து வச்சிருக்கு."

யூடியூபில் எவனோ ஒருத்தன் அவரை நாயே என்று திட்டியிருந்தான். எழுத்துப்பிழையோடு, 'னாயே' என்று. அண்ணன் பதில் போட்டார்: 'நாய்க்கு முதல் ந வரும், றன்னகரம் வராதுங்க. திருத்திக்கோங்க. மத்தபடி உங்க கருத்து உங்களுக்கு.' அந்த ஆள் திருத்திவிட்டு நன்றி சொன்னான். இப்போதும் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு அண்ணனுக்கு வணக்கம் அனுப்புகிறானாம்.

இந்த ஏஐ வந்தபோது ஆபீஸே ஆடிப்போனது, வேலை போய்விடும் என்று. அண்ணன் இரண்டு நாள் அதனோடு பேசிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை நிம்மதியாக வந்தார். "பயப்படாதீக. தப்பச் சொன்னா உடனே மன்னிப்புக் கேக்குது. கேட்டுட்டு அதே தப்பத் திரும்பப் பண்ணுது. அப்பிடியே எங்க மச்சான்."

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு புது ஆஸ்பத்திரி. டோக்கன் கூப்பிட ஒரு பெரிய திரை, கூடவே அறிவிக்கும் மெஷின் குரல். சென்னை மேனேஜர் உடைத்தே சொல்லிவிட்டார். "டாக்டர் ஓகே சொன்னா உங்க ஆபீஸ் இருக்கும். இல்லன்னா பூட்டிட்டு ஆறு பேரும் சென்னைக்கு வாங்க. முடியாதவங்க வேற வேலை பாத்துக்குங்க."

 என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வீட்டுக்காரருக்கு ஆலங்குளம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. மகளுக்கு மூன்று வயது. சென்னைக்கு நான் மட்டும் போக முடியாது, குடும்பத்தோடும் போக முடியாது. படித்துப் படித்து வாங்கிய வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரத்தான் வேண்டும். என் கவலை ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

சென்னையிலிருந்து வந்த தமிழைத் திறந்து பார்த்தோம். இங்கிலீஷை எதிலோ போட்டு மொழிபெயர்த்திருந்தார்கள். பேஷண்ட் என்று வந்த இடமெல்லாம் 'பொறுமைசாலி'. ஒவ்வொரு அறிவிப்பும் 'பொறுமைசாலி எண் ஐந்து' என்று தொடங்கியது.

"நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் இரண்டே நாளில் எல்லாவற்றையும் தன் கையால் மாற்றி எழுதினார். டெஸ்டிங் நான். ஒரு வரி விடாமல் படித்தேன். மற்ற நாலு பேரும் படித்தார்கள். எல்லாரும் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். யாருக்கும் ஒரு குறையும் தட்டுப்படவில்லை.

திறப்பு நாள் காலை. ஹாலில் நாற்பது பேருக்குக் குறையாது. மேனேஜர் சென்னையிலிருந்து வந்து கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர் அறையை விட்டு வெளியே வருவதற்கும் மெஷின் பேசுவதற்கும் சரியாக இருந்தது.

"டோக்கன் பதினேழு. செத்த... உக்காருங்க."

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. "பதினேழு யாரு? எப்ப?" என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்குள் ஓடினார். நர்ஸும் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"நான்தான் பதினேழு" என்று ஒரு கை உயர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். மடியில் வறுத்த கடலைப் பொட்டலம்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"முட்டுவலி டாக்டர்."

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே திரையில் பெரிய எழுத்தில் 'செத்த நேரத்துல டாக்டர் வருவாக' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"செத்த நேரத்துல நான் எதுக்குங்க வரணும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் செத்த என்றால் கொஞ்சம். செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. அதற்குள் ஒரு சாவு இருப்பது என் கண்ணில் படவேயில்லை. போச்சு, வேலை போச்சு என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பழையதப் போடுங்க, இப்பவே" என்றார். போட்டோம். அடுத்த நிமிடம் மெஷின் கணீரென்று சொன்னது: "பொறுமைசாலி எண் பதினெட்டு, தாங்கள் செயலாக்கப்படுகிறீர்கள்."

 "செயலாக்குறதுன்னா ஆப்பரேசனா?" என்று ஒரு குரல். பதினெட்டாம் நம்பர் அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் நல்ல மனிதர். நேராகப் பாயிடம் போய், "முதல்ல சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா? பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"புரியாம என்ன டாக்டர்? செத்த உக்காருன்னுச்சு, உக்காந்தேன். மரியாதையாத்தான் சொன்னுச்சு. ஆனா அது பொய் சொல்லுது."

"என்ன பொய்?"

"செத்த நேரம்னா செத்த நேரமா இருக்கணும்ல? நான் ஒம்பது மணிக்கு வந்தவன். இப்ப மணி பதினொண்ணு. கம்ப்யூட்டரு இப்பிடிப் புளுகலாமா?"

ஹாலே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். சிரிக்காதவர் அண்ணன் ஒருத்தர்தான். பாய் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். "நீங்க சொல்லுறது சரிங்க. மரியாதையாச் சொன்னாப் போதும்னு நெனச்சுட்டேன். உண்மையாச் சொல்லணும்னு தோணல. தப்பு என்னுதுதான்" என்றார். ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் சண்டை போட்ட மனிதர், அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். பத்து நிமிடத்தில் திரை மாறியது: 'டோக்கன் பதினேழு, உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காக. உக்காருங்க.'

பாய் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் மேனேஜரிடம், "இதையே வச்சிருங்க, எனக்கும் புரியுது" என்றார். ஆபீஸ் பிழைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆபீஸுக்குத் திரும்பி வந்ததும் மேனேஜர், "கிளை இருக்கட்டும். ஆனா இதே சாஃப்ட்வேர இன்னும் பல ஆஸ்பத்திரிக்குச் சென்னையில பண்ணப்போறோம். இங்கிருந்து ஒரு ஆள் அங்க வந்தாகணும்" என்று சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார். "டெஸ்டிங்குக்கு ஆளு பத்தல. இவங்க வரட்டும்."

 நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் திறந்தார்.

"இவளையா சார்?"

மற்ற நாலு பேரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். இவள்!

"இவளுக்கு என்ன சார் தெரியும்? நான் செத்தன்னு எழுதி வச்சிருக்கேன், அதக்கூடப் பாக்கத் துப்பில்ல. இவ டெஸ்ட் பண்ணுன லட்சணம்தான் இன்னைக்கு ஊரே பாத்துச்சே. இவளக் கூட்டிட்டுப் போனா உங்க பேருதான் கெடும். நான் வாரேன்."

"ரெண்டு தடவ பிரமோஷன் குடுத்துக் கூப்பிட்டேன். 'இன்னாபா'ன்னு கூப்பிடுற ஊருக்கு வரமாட்டேன்னு சொன்னீங்களே?"

"இப்ப வாரேன்."

எனக்கு வந்ததே கோபம். ஊரில் உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் மரியாதை கேட்ட மனிதர், ஆறு வருஷம் கூட வேலை பார்த்த என்னை எல்லார் முன்னாலும் இவள், அவள் என்று பேசிவிட்டார். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் கிளம்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் ஏறிய அன்று ஆபீஸில் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

அன்று சாயங்காலமும் வீட்டில் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஏட்டி, நீ இப்ப எங்க இருக்க?"

"வீட்டுலதான்."

"புள்ள எங்க இருக்கு?"

"என் மடியில."

"அந்தாளு எங்க இருக்காரு?"

"சென்னைக்குப் போயிட்டாரு, எனக்குப் பதிலா" என்று என் வாயே சொன்னது.  அது என் மண்டையில் ஏற ஏன்தான் இத்தனை நாள் ஆனதோ. என்னைப் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் போன் போட்டேன். பின்னால் சென்னை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா. நல்லா இருக்கீகளா?" ஒன்றுமே நடக்காத மாதிரி அதே குரல்.

பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, இனிமே என்னைய 'நீங்க', 'வாங்க'ன்னு பேசாதீக. வா போன்னே பேசுங்க."

 அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டார்:

"புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டியா?"

ஊட்டிட்டேன்ண்ணே என்றேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.