கைதட்டிப் பார்த்த அறை

நாடு விடுதலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், நான் ஓர் அறைக்குள் தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். விடுதலைக்காக அல்ல. அப்படியிருந்தால் இன்று கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

காஜா பெராங்கில் எங்களுக்குப் பலகை வீடு. எனக்கு வயது இருபத்தாறு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம். பழைய ரேடியோகிராம் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்துச் சின்ன அறையில் வைத்தேன். நாகஸ்வர இசைத்தட்டைப் போட்டால், வித்வான் பித்தளை அண்டாவுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. நான்தான் நூலகத்தில் ஒரு சஞ்சிகையைப் படித்துத் தொலைத்தேன். குற்றம் பெட்டியில் இல்லையாம், அறையில்தானாம். எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றனவாம். கைதட்டிப் பார்க்க வேண்டும். தட்டலுக்குப் பின்னால் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் நீண்டால், அங்கே மெத்தென்று எதையாவது மாட்ட வேண்டும்.

தட்டினேன். மூலைக்கு மூலை, முட்டிபோட்டு, நாற்காலிமேல் ஏறி. ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துக் கேட்டேன். வால் இருந்தது. வீட்டிலிருந்த பஞ்சு மெத்தைகள் இரண்டையும் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். (அதில் ஒன்றுதான் என்னுடையது.) பாய்க்கு இறக்கப்பட்ட அப்பா, “நாட்டுக்குச் சுதந்திரம் வருது, எனக்கு மெத்தை போவுது” என்றார்.

அப்போதுதான் கிளேபாங்கிலிருந்து வரன் வந்தது. பெண் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோயிலில் ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். இனி வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

அதற்கு முன் அவர் எதிர் மளிகைக்கடை நானாவிடம் விசாரித்திருக்கிறார். நானாவுக்குப் பொய் வராது. என்மேல் பிரியமும் அதிகம். நடந்த பேச்சைப் பிற்பாடு அவரே என்னிடம் ஒப்பித்தார்.

“தங்கமான புள்ள. குடி இல்ல, சூது இல்ல. ஆபீஸ் விட்டா வீடு.”

“வீட்ல என்ன செய்வாரு?”

“கை தட்டுவாரு.”

“யாருக்கு?”

“யாருக்கும் இல்ல, சுவத்துக்குத்தான். தட்டிட்டு அது என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு நிப்பாரு. மெத்தை மாட்டின பொறவு கொஞ்சம் கொறஞ்சிருக்காம். அவரே சொன்னாரு.”

இது எதுவும் தெரியாமல் நான் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் காத்திருந்தேன். வந்தவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியின் கையெழுத்து எப்படியிருக்கும் என்று யோசிக்கிறார் போலும் என நினைத்தேன். அம்மா காப்பி கலக்க உள்ளே போனதும் அவரைச் சின்ன அறைக்கு அழைத்துப்போய், நடுவில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினேன்.

“பாட்டு வைக்கப் போறீங்களா தம்பி?”

“அது அப்பறம் ஐயா. மொதல்ல சும்மா கேளுங்க.”

நான்கு மூலையிலும் தட்டினேன்.

“ஏதாச்சும் கேக்குதா ஐயா?”

“இல்ல தம்பி” என்றார், மிக மெதுவாக.

“எனக்கு இன்னும் லேசாக் கேக்குது.”

மனிதர் எழுந்தார். எனக்கு முதுகைக் காட்டாமலே கதவு வரைக்கும் போனார். “மழை வர்ற மாதிரி இருக்கு, கெளம்புறேன்” என்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

புதன்கிழமை தகவல் வந்தது: ஜாதகம் பொருந்தவில்லை. (பொருந்திய பிறகுதான் வீடு பார்க்கவே வந்தார்.) அடுத்த தை மாதம் அந்த ஆசிரியைக்கு வேறிடத்தில் கல்யாணம். மெத்தை மாட்டிய அறையில் நாகஸ்வரமும் போர்வைக்குள் அழுவது போலத்தான் கேட்டது. கழற்றி அப்பாவிடமே கொடுத்தேன். ஆணி குத்திய ஓட்டைகளில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து புக்கிட் காதிலில் பெண் அமைந்தது. இன்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்களே சொல்லி, அவர்களே நடித்துக்கொள்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும், முறுக்கு பிழிந்துகொண்டே என் மனைவி நிமிராமல் சொல்வாள்:

“எங்கப்பாதான் விசாரிக்காமக் குடுத்துட்டாரு.”