கம்பி நீட்டப் பார்த்தவர்

வீட்டை விட்டு ஓடிப்போவதென்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. ஓடுகிற வயதில் ஓடியிருக்கலாம். லிஃப்டுகள் விடவில்லை. ஆயுசு முழுக்க மேலே போனார், கீழே வந்தார். முன்னால் ஓரடி போனதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த மறுநாளே வீட்டில் அவர் ஒரு நாற்காலி ஆகிவிட்டார். பெருக்கும்போது நகர்த்தினார்கள். போன் அடித்தால் அது மனைவிக்கு. கதவைத் தட்டினால் அது மனைவியைத் தேடி. நடுவழியில் லிஃப்ட் நின்றால் ஊரே அவர் பேரைச் சொல்லிக் கத்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது அவரே நின்றுபோயிருந்தார், யாரும் கத்தவில்லை.

மழைக்காலம் தொடங்கிய வாரம், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டு வந்து நின்றார்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"காத்து வாங்க."

"அதுக்குத்தான் ஜன்னல் இருக்கே."

தனியாகப் போவது, திரும்பி வரத் தோன்றினால் வருவது. இதுதான் திட்டம். இதை எந்த ஜன்னலிடம் சொல்ல முடியும்?

படகுக்குக் காற்றின் வேகம் சொல்லும் கருவி, தண்ணீரின் ஆழம் சொல்லும் கருவி, வரைபடத் திரை, ரேடியோ என்று எல்லாம் வாங்கினார். மாட்டுவது ஒன்றும் பெரிதில்லை. ஒயர் இழுப்பதுதான் உயிரை வாங்கியது. படகுக்குள் நேரான சுவரே கிடையாது. ஒயர் ஒரு பலகைக்குப் பின்னால் போய் மறையும். எந்தப் பக்கம் வரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அடித்தளத்தில் நாறும் தண்ணீருக்கு மேலே, மடித்த குடை மாதிரி முடங்கிக் கிடந்து, விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். வெளியே மழை. உள்ளே ஒழுகல். மனசுக்குள் இரண்டும்.

பாய்மரத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். காற்றுக் கருவி அதன் உச்சியில். ஒயர் உள்ளே குழாய் வழியாக அடிவரை வர வேண்டும். உச்சியில் தள்ளுவார். அடிக்கு ஓடிப் பார்ப்பார். வந்திருக்காது. மறுபடி உச்சிக்கு ஓடுவார். ஒருநாள் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, மழையில் குடையோடு மனைவி நின்றிருந்தாள்.

"ஒரு ஆளு தள்ளணும், ஒரு ஆளு இழுக்கணும். கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இதுகூடத் தெரியலையா?"

"நான் பாத்துக்கறேன். நீ போ."

"தள்ளுங்க."

தள்ளினார். இழுத்தாள். ஒயர் வந்துவிட்டது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில் அல்ல.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். சாயங்காலமானால் மட்டும் தையல் வகுப்பு என்று கிளம்பிப் போய்விடுவாள். ஒரு கைக்குட்டைகூடத் தைத்து வரவில்லையே என்று அவர் யோசித்ததில்லை. அவர் யோசனையெல்லாம் கடலில்.

படகைத் தண்ணீரில் இறக்கி, பாய்மரத்தை நிறுத்தி, கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்தார். எல்லாம் எரிந்தன. திசைகாட்டி மட்டும் முரண்டு பிடித்தது. முள் போய் நின்ற இடம், மனைவி உட்கார்ந்திருந்த மூலை.

"இதுக்கும் என் தலையெழுத்துதான்," என்று முனகினார்.

"என் முதுகுக்குப் பின்னாடி ஒலிபெருக்கியை மாட்டியிருக்கீங்க. அதுல காந்தம் இருக்கும். தள்ளி மாட்டுங்க."

"உனக்கு யார் சொன்னது?"

"காதுல விழுந்துச்சு."

தள்ளி மாட்டினார். முள் வடக்கே போய் நின்றது. அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு போர்வை. ஒரு ஆளுக்கான அரிசி. சத்தமில்லாமல் மூடினாள்.

"தண்ணி ரொம்ப ஆழமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"கருவி சொல்லும்."

"கருவி தண்ணியைத்தான் சொல்லும்," என்றாள். அன்று அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாத மனைவியைப் பார்த்து அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

கிளம்புகிற நாள் விடிந்தும் விடியாமலும் இருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவதுபோல இருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். படகுத்துறையில் சாம்பல் நிற வானம், சாம்பல் நிறத் தண்ணீர். கயிற்றில் கை வைத்ததும் துறை அதிகாரி குடையோடு எதிரே வந்தார்.

"எங்கே சார் கிளம்பிட்டீங்க?"

"வெளியே."

"லைசென்ஸ்?"

"எல்லாக் கருவியும் மாட்டியிருக்கேனே. ஆழம், காத்து, ரேடியோ..."

"கருவிகிட்ட லைசென்ஸ் கேக்கலை சார், ஓட்டற ஆளுகிட்டதான் கேக்கறேன். சரி, கேப்டன் வரட்டும்."

"எந்தக் கேப்டன்?"

அதிகாரி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "வணக்கம் கேப்டன்மா! காத்து இன்னிக்குக் கொஞ்சம் அதிகம், பாத்துக்குங்க."

மனைவி ஒரு பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"தையல் வகுப்புக்குப் போறேன்னு சொன்னியே?"

"பாய் கிழிஞ்சா தைக்கறதும் படகோட்டற வகுப்புலதான் சொல்லிக் குடுத்தாங்க." படகில் ஏறி, பையை வைத்தாள். "இத்தனை நாளா நீங்க கம்பி இழுக்கறீங்கன்னு நெனச்சேன். கம்பி நீட்டப் பாத்திருக்கீங்க."

அவர் தலை குனிந்தார். மழை அவர் காது வழியே சொட்டியது.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது? வீட்டுல என்னால யாருக்கு என்ன லாபம்?"

அவள் போய்ச் சுக்கானைப் பிடித்தாள்.

"நீங்க போயிட்டா நான் யார்மேல கோவப்படறது?" என்றாள். குரல் உடைந்திருந்தது. பிறகு அதையும் விழுங்கிக்கொண்டு, "கயிறை அவுத்துவிடுங்க," என்றாள்.

அவிழ்த்தார். படகு நகர்ந்தது. பாய் விரிந்தது. அவர் கையாலேயே மாட்டிய திரையில் ஆழம் எண்ணெண்ணாக ஏறியது. அதைப் படித்துச் சொல்வதற்கு அவரைத்தான் கூப்பிட்டாள். நெடுநாளைக்கப்புறம் ஒருவர் அவரைக் கூப்பிட்டார். குரலைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார். கரை மங்கியது. நெஞ்சில் கிடந்த கல் ஓரமாக நகர்ந்ததுபோல இருந்தது. தைரியமும் கொஞ்சம் வந்தது.

"இன்னும் தூரம் போலாம். என் படகு, என் இஷ்டம்!" என்றார்.

மனைவி வானத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பாயை இறக்குங்க," என்றாள்.

இறக்கினார்.