இணைப்பு: இல்லை, சரிபார்க்கப்பட்டது

சான்றிதழ் அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால் யாரும் பதறக் கூடாது. முதலில் முறைப்படி இணைப்பு நிலையைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார்.

அன்று பத்தரை மணிக்கு அவர் வந்தார். திரை மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்தார். "இணைப்பு: இல்லை. நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதி முத்திரை குத்தினார். வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் மறுநாளுக்கான டோக்கன் கிடைத்தது. எனக்கு முதல் எண். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஓர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், என் பொண்ணோட பிறப்புச் சான்றிதழ். ரெண்டு மணிக்குள்ள காலேஜ்ல குடுக்கலைன்னா சீட்டு போயிடும்!"

"இணைப்பு இல்லைம்மா."

அம்மா மேசைக்கு அடியில் குனிந்தார். "வயரு கழண்டு கிடக்கே சார்!"

"தெரியும். நான் நிலையைத்தான் பார்க்கணும். வயரைப் பார்க்கிறது வேற பிரிவு."

அந்த வேறு பிரிவுக்காக அம்மா காத்திருக்கவில்லை. தானே சொருகிவிட்டார். சிவப்புக் குறி மறைந்தது. குமாஸ்தா மளமளவென்று தட்ட, சான்றிதழ் அச்சாகி வந்தது. அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு பறந்தார்.

அதிகாரிக்கு முகம் வெளுத்தது. "இல்லைன்னு கையெழுத்துப் போட்டாச்சே! இப்ப இருந்தா நான் பொய் சொன்னதாயிடுமே!"

"அப்ப எங்களுக்கும் குடுத்துடுங்க" என்றேன் குமாஸ்தாவிடம்.

"நீங்கள்லாம் நாளைக்கான ஆளுங்க. டோக்கன் இல்லாதவங்க யாராவது இருந்தா வாங்க."

அப்போதுதான் வாசலில் வந்து இறங்கிய மூன்று பேர் உள்ளே பாய்ந்தார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. விடிந்ததிலிருந்து கால் கடுக்க நின்றவர்கள் நாங்கள்!

"வயரைப் பிடுங்குங்க சார்!" என்று நாற்பது பேரும் கத்தினோம். அதில் என் குரல்தான் உரக்கக் கேட்டது. அதிகாரி பிடுங்கினார். கை வலிக்கத் தட்டினோம்.

மறுநாள் நான் முதல் ஆளாக டோக்கனை நீட்டினேன். இரவோடு இரவாக வேறு பிரிவு வந்து வயரைச் சொருகிவிட்டுப் போயிருந்தது. அதிகாரியும் "இணைப்பு: உள்ளது" என்று முத்திரை குத்தியிருந்தார்.

குமாஸ்தா டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இணைப்பு இல்லாத நாள் டோக்கன் சார். இருக்கிற நாள்ல செல்லாது."

நாற்பது பேரும் ஒரே சமயத்தில் மேசைக்கு அடியில் குனிந்தோம்.