ஏழாம் இயந்திரத்தின் வானம்

பிறர் காணாததைக் கண்டவளும், கண்டதை எவர்க்கும் விட்டுக்கொடாதவளும், பல்லின் வெண்மையில் பதினாறு சாயல்களை அரைத்தூக்கத்திலும் பிரித்தறிபவளும், பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையை ஆள்பவளுமான பியோன் ஒக்-ஹீ வெல்க! பூபியோங் நகரக் கடைத்தெருவின் மூன்றாம் மாடியில், சிகரெட் புகை கார்மேகமெனத் தவழும் கணினி விளையாட்டுக்கூடத்தில், இரண்டாயிரமாவது ஆண்டின் குளிர்காலப் பகலொன்றில், மதிய உணவு இடைவேளைக்குள் அவள் நிகழ்த்திய வான்போரைச் சொல்லப் புகுகிறோம். நூடுல்ஸ் கோப்பையிலிருந்து எழும் ஆவியே, வந்து எம் நாவில் அமர்க!

அக்கூடத்தில் ஆசனங்கள் பல, அரியாசனம் ஒன்றே. அது ஏழாம் இயந்திரம். புத்தம்புதிய கிராஃபிக்ஸ் கார்டு அதன் வயிற்றில் மட்டுமே குடிகொண்டிருந்தது. குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பின் வெம்மை அதன் முன் அமர்ந்தார் கால்களை மட்டுமே வருடியது. அவ்வரியாசனத்துக்கு உரிமை கொண்டாடினோர் இருவர். ஒருத்தி ஒக்-ஹீ. மற்றவன் ஜின்பே: கைபேசிக் கடை விற்பனையாளன், மின்னல்விரலோன், வேகமே வேதமெனக் கொண்டோன்.

பதினாறு பிட் நிறத்தில் அறுபத்தைந்தாயிரம் வண்ணங்கள் அணிவகுக்கும். முப்பத்திரண்டு பிட்டிலோ ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் வண்ணங்கள் கடலெனத் திரளும். பெரும்படை நடந்தால் மெல்லத்தானே நடக்கும்? வண்ணம் பெருகினால் துப்பாக்கிச்சூட்டு ஆட்டம் திக்கித் தத்தும் என்றான் அவன். வண்ணம் குறைந்தால் ஆட்டத்தின் அந்திவானம் பட்டை பட்டையாய்க் கிழியும் என்றாள் அவள்.

"அக்கா, நீங்க சுட வந்தீங்களா, சூரிய அஸ்தமனம் பாக்க வந்தீங்களா?"

"வானத்துல படிக்கட்டு கட்டி வச்சிருக்குடா. உனக்குத் தெரியலையா?"

"அதுல ஏறி வந்து யாராவது சுட்டா சொல்லுங்க, நம்புறேன்."

கூடம் சிரித்தது. அச்சிரிப்பு ஒக்-ஹீயின் நெஞ்சில் பழைய புண்ணொன்றைத் தேடிச்சென்று தைத்தது. புகுந்த வீட்டுச் சுவரில் ஒட்டிய இரு அலங்காரத் தாள்களும் ஒரே நிறமல்ல என்று அவள் சொன்ன நாளிலும் இவ்வாறே சிரித்தார்கள். உனக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ என்றார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு இரவும் அச்சுவரை நோக்கிப் படுத்து, தான் காண்பது சுவரிலா தன் மனத்திலா என்று தன்னையே விசாரித்துக் களைத்தவள் அவள். ஆதலால் இப்போரில் அவள் பணயம் வைத்தது நாற்காலியை மட்டுமன்று.

"நான் திரும்பி நிக்கிறேன். நீ எதை வேணா மாத்தி வை. பாத்துட்டுச் சொல்றேன். தப்பாச் சொன்னா இந்தக் குளிர்காலம் முழுக்கக் கழிவறைக் கதவோரத்துல உக்காந்துக்கிறேன். சரியாச் சொன்னா நீ உக்காரு!"

முரசு முழங்கவில்லை, கோப்பைகளின் மூடிகள் திறந்தன. யானைப்படைக்குப் புறங்காட்டாத வீரர்போன்ற அவள், எதிரி படைவகுக்கும் பொருட்டு அவனுக்குத் தன் புறத்தைக் காட்டி நின்றாள். ஜின்பே பட்டியலைத் திறந்தான், எண்ணை மாற்றினான், பட்டியலை மூடினான், ஆட்டத்தில் ஓர் ஓட்டம் ஓடிப் பார்த்தான். அவள் திரும்பினாள். கோட்டைமதிலின் மேல் குங்குமமும் சாம்பலும் குழைந்த வானம் விரிந்திருந்தது. இமையாது நோக்கினாள், மூச்சை அடக்கினாள்.

"முப்பத்திரண்டு! பட்டுமாதிரி இருக்கு!"

முப்பத்திரண்டேதான். ஜின்பே திடுக்கிட்டான். மீண்டும் மாற்றினான்.

"பதினாறு! ஐயோ, எவ்வளவு கோடு!"

அதுவும் சரி. கூடம் ஆர்ப்பரித்தது. வெற்றிமடந்தை ஒக்-ஹீயின் தோளில் ஒரு காலை ஊன்றிவிட்டாள். தோல்வியின் விளிம்பில் நின்ற ஜின்பேயோ தன் இறுதிக் கணையைத் தொடுத்தான்: முப்பத்திரண்டில் தான் ஓடியபோது கால்கள் சேற்றில் புதைந்ததைத் தன் விரல்நுனி உணர்ந்ததாம், பதினாறில் காற்றாய்ப் பறந்ததாம். அவன் நண்பர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

இவ்வேளையில், காலிக்கோப்பைகளைத் திரட்டிக்கொண்டு கூடத்தின் ஓனரம்மா வந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மாத்திட்டு ஆட்டத்தை மூடித் தொறக்கலையா? தொறந்தாத்தானே மாறும். கீழ எழுதியிருக்கு பாரு. இவ்வளவு நேரமும் பதினாறுதான் ஓடியிருக்கு."

கூடமே குனிந்து திரையின் அடியைப் பார்த்தது. ஆங்கிலத்தில் இருந்த அவ்வரியை எவரும் படித்ததில்லை. ஆகாத மாற்றத்தில் பட்டின் மென்மையைக் கண்டவள் நின்றாள். வராத தாமதத்தில் சேற்றை மிதித்தவன் நின்றான். ஒக்-ஹீயின் உள்ளத்தில் அந்தச் சுவர் எழுந்து நின்றது. அப்படியானால் அந்தத் தாள்களும் ஒரே நிறந்தானா?

ஓனரம்மா ஏழாம் ஆசனத்தில் அமர்ந்து, ஆட்டத்தை மூடி, முறைப்படி திறந்தார்.

அப்பொழுது வானம் வந்தது! கோடில்லை, படியில்லை, புள்ளியில்லை. செம்மை எங்கே முடிந்தது, நீலம் எங்கே தொடங்கியது என்று வானத்துக்கே தெரியாத வானம். ஒக்-ஹீ கண்டாள். சொல்லப் பயந்தாள். ஜின்பேதான் வாய்திறந்தான்.

"அக்கா... அந்தப் படிக்கட்டைக் காணோம்."

அவள் கண்கள் நிறைந்தன, உள்ளே சுவரின் இரு தாள்களும் மறுபடி இரண்டாயின. அக்கணமே ஆட்டம் தத்தித் தடுமாற, பின்னாலிருந்து எவனோ ஒருவன் சுட்டான். வானம் சாய்ந்து, திரை குருதியாயிற்று.

"பாத்தீங்களா! தத்துச்சு!" என்று வெற்றிமுழக்கமிட்டான் ஜின்பே. "வானத்தைப் பாத்தியா!" என்று முழங்கினாள் ஒக்-ஹீ. இருவரும் வென்றனர்! இருதரப்பும் வாகை சூடின! அரியாசனம் இனி யாருக்கு என்று தீர்ப்புக் கேட்டு இருபெரும் வேந்தரும் நீதிதேவதையின் பக்கம் ஒருசேரத் திரும்பினர்.

அடுப்புப் பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு, ஓனரம்மா அந்தக் கணினியில் சீட்டு விளையாட ஆரம்பித்திருந்தார்.